பெயர் எழுதாத கோப்பிக் குவளை

கட்டுநாயக்கா விமான நிலையத்தில், சோதனை வாசலுக்கு இந்தப் பக்கம், வழியனுப்ப வந்தவர்களும் இருந்து குடிக்கக்கூடிய ஒரு கோப்பிக் கடை இருந்தது. அங்கே காசை வாங்கியதும் பெயரைக் கேட்பார்கள். கறுப்புப் பேனையால் கடதாசிக் குவளையில் அதை எழுதுவார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு அதில் பெரிய சந்தோசம். ஹாஜியார் என்று சேர்த்து எழுதச் சொன்னவர்கள் உண்டு. சமாதான நீதவான் என்று காட்டப் பின்னால் ஜே.பி. போடச் சொன்னவரும் உண்டு. நான் சொல்லப்போகும் மனிதரிடம் அந்தச் சிங்களப் பிள்ளை பெயரைக் கேட்டபோது, அவர் பேனையைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், "எதுக்கு?" என்றார். பிள்ளைக்குத் தமிழ் விளங்கவில்லை. முகம் விளங்கியது. வெறுங்குவளையை நிரப்பிக் கொடுத்துவிட்டது. குவளையில் ஏறாத பெயரை நானும் இங்கே ஏற்றவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொல்ல வசதி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்னைப் படிப்பிக்க ஆள் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நானே என்னைப் படிப்பித்தேன். யாருடையதோ ஒரு பழைய வேனுக்குச் சாரதியாகத் தொடங்கி, கிழக்குக் கரையில் மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரை யார் கடல் தாண்டினாலும் என் வேனில் ஏறித்தான் தாண்ட வேண்டும் என்ற நிலைக்கு வந்தவன் நான். பட்டம் முடித்த பிள்ளைகள் என் கந்தோர் மேசைகளில் இருந்து போன் எடுக்கிறார்கள். மூன்று மகள்மாருக்கும் மேல்மாடி வைத்து வீடு கட்டிக் கொடுத்தேன். விமானம் ஓட்டுகிறவன் வானத்தில் எதைக் கண்டானோ தெரியாது. பயணம் புறப்படும் மனிதனின் முகத்தை என்னைப்போல் கண்டவன் இந்தக் கரையில் இல்லை.

எங்கள் பக்கத்தில் மக்காவுக்கு உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர், புறப்பட முதல் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். நான் செய்த குறைகளை மன்னித்து மனம் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது. மனிதனுக்குச் செய்த குறையை அந்த மனிதன் பொருந்தாமல் அல்லாஹ் பொருந்தமாட்டான் என்பது நம்பிக்கை. நல்ல வழக்கம். நல்ல வழக்கம் என்பதால் அதை நாங்கள் சுருக்கி வைத்திருக்கிறோம். கேட்கிறவர் வாசல் கேற்றடியில் நின்று, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார். வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல், பொருந்திவிட்டோம், எங்களுக்கும் துஆச் செய்யுங்கள் என்பார். ஒரு தெருவை முடிக்க ஒரு தேத்தண்ணீர் ஆறும் நேரம் போதும். இப்போது அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக ஊர் முழுக்கப் போகிறது. பதிலுக்கு எல்லாரும் இரண்டு கையேந்திய படம் ஒன்றை அனுப்புகிறார்கள். பாவம் கழுவுவதற்கு டேட்டா இருந்தால் போதும்.

இவர் ஒருவர்தான் "எதுக்கு?" என்று கேட்டவர்.

கல்முனைச் சந்தையில் தேங்காய் விற்றவர் அவர். மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் துண்டு ஒன்றும் இருந்தது. வயதில் எனக்கு இளையவர், என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். பயணக்காரர் அவர் வீட்டு வாசலில் நின்று வழமையான வசனத்தைச் சொல்லி முடித்ததும், அவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு எழும்பி வருவார். கோபம் ஒன்றும் இருக்காது. "எதுக்கு? என்ன செஞ்சீங்க? அதச் சொல்லுங்க, பொருந்திறன்" என்பார். வந்தவர் திகைத்து, சும்மா பொதுவாகக் கேட்கிறேன் என்பார். இவர் தேங்காய்க்காரர் அல்லவா, அந்தக் கணக்கில்தான் கதைப்பார்.

"கடைக்கு வந்து, தெரிஞ்சோ தெரியாமலோ சாமான் தாங்க எண்டு கேட்டா, கடைக்காரன் என்னத்தக் கட்டித் தருவான்? சாமான்ட பேரச் சொன்னாத்தானே நிறுக்கலாம்."

பேர் சொல்லாதவருக்கு அவர் பொருத்தம் கொடுக்கமாட்டார். மறுக்கவும் மாட்டார். "சரி, யோசிங்க. ஏர்போட்டுக்கு நானும் வாறன்" என்று சொல்லிவிட்டு, பயண நாளில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு என் வேனில் வந்து ஏறுவார். வழியனுப்ப வருகிறவரை வராதே என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பயணக்காரர் பின்சீட்டில் இருந்துகொண்டு மகியங்கனை வளைவுகள் முழுக்க இவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வருவார். இவர் நிம்மதியாக நித்திரை.

ஏன் இந்த வேலை என்று கேட்டேன். வீட்டில் கேட்டால் மனிதன் வாய் திறக்கமாட்டான், அந்தச் சோதனை வாசலைக் கண்டால்தான் திறக்கும் என்றார். அது உண்மை. இதை அவர் சொல்லித்தான் நான் அறிய வேண்டும் என்றில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலை நெருங்கும்போது எவ்வளவு பெரிய ஆளுக்கும் தொண்டை காய்ந்து விடும். கோப்பி குடிப்போம் என்பான். அந்தக் கோப்பிக் கடை நிற்பதே அந்தப் பயத்தின் மீதுதான். இல்லாவிட்டால், நுரையை ஊதி ஊதிக் கோப்பி எங்கே என்று தேட வேண்டிய அந்தச் சாமானை, நம் ஊரில் ஒரு வீட்டுக்குச் சமைக்கும் விலைக்கு எவன் வாங்குவான்? பற்றீஸ் என்று ஒன்று வைத்திருப்பார்கள். கடித்தால் முதல் கடியில் மா, இரண்டாம் கடியில் காற்று, மூன்றாம் கடியில் மீன் இருந்த ஞாபகம்.

அந்த மேசையில்தான் இவர் கடை விரிப்பார். பயணக்காரர் கோப்பியும் பற்றீஸும் வாங்கி வைப்பார். இவர் பற்றீஸைப் பிய்த்து, ஆறுதலாக மென்றுகொண்டு, "ம், இப்பச் சொல்லுங்க" என்பார். பற்றீஸுக்குப் பொருந்துகிற மனிதன் என்று ஊரில் ஒரு பட்டம் விழுந்தது. அந்தப் பட்டத்தைக் கட்டியவன் நான்தான். நல்ல பட்டம், இன்றைக்கும் நிற்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் தனக்கு என்ன செய்தார் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேட்டது வெறும் கேள்வி. சனம் அதைப் பொலிஸ் விசாரணை என்று எண்ணிக்கொண்டு உள்ளதையெல்லாம் கொட்டியது.

ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் உம்ராவுக்குப் போனார். ஊருக்கே ஒழுக்கம் படிப்பித்தவர். கோப்பி வந்தது. அதிபர் சுற்றிவரப் பார்த்து, மனைவியைப் பிள்ளைகளின் பக்கம் அனுப்பிவிட்டு, அந்தச் செருப்பு என்றார். எந்தச் செருப்பு என்று இவர் கேட்டார். ஒரு ரமழானில் தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது இவருடைய புதுச் செருப்புக் காணாமல் போயிருந்தது. இருட்டில் மாறிப் போட்டுக்கொண்டு போனவர் அதிபர். வீட்டு வெளிச்சத்தில்தான் கண்டாராம். திருப்பிக் கொண்டுவர வெட்கம். கால் அளவும் சரியாக இருந்ததாம். அதைப் போட்டுக்கொண்டுதான் காலைக் கூட்டத்தில் களவைப் பற்றிப் பேசினாராம்.

"அது நீங்களா சேர்? நான் இவ்வளவு காலமும் எங்கட மரைக்கார் எண்டெல்லோ நினைச்சிக்கிட்டு இரிந்தன்."

பொருந்திவிட்டேன் என்று உடனே சொன்னார். பற்றீஸையும் முடித்தார். ஆனால் திரும்பி வரும்போது நித்திரை கொள்ளவில்லை. ஊருக்குள் வந்ததும் தன் வீட்டில் இறங்காமல், பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் வீட்டடியில் இறக்கிவிடச் சொல்லி, போய்ப் பொருத்தம் கேட்டார். மரைக்கார் வழமைபோல, பொருந்திவிட்டேன், போய் வாரும் என்றார். இவர் அசையவில்லை. "எதுக்கெண்டு கேளுங்க மரைக்கார்" என்று நின்றார். மரைக்கார் கேட்டார். கேட்ட பிறகு, இத்தனை வருடமும் ஒருவன் தன்னைச் செருப்புக் கள்ளன் என்று எண்ணிக்கொண்டு பின்வரிசையில் நின்று தொழுதிருக்கிறான் என்று தெரிந்ததும், மனிதன் கொதித்துப் போனார். அந்தப் பொருத்தம் கிடைக்க அடுத்த ரமழான் வரை சென்றது. இவரும் விடாமல் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னொரு முறை, எனக்கு மாமி முறையான ஒருவர். அவருக்குச் சீனி வருத்தம், கோப்பியைக்கூடத் தொடவில்லை. முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சொன்னார். இளம் வயதில் இவருக்கு ஒரு பெண் பேசினார்கள். பெண் வீட்டார் மாமியிடம் விசாரித்தார்கள். மாப்பிள்ளைக்கு இழுப்பு வருத்தம் இருக்கிறது, மாரி காலத்தில் மூச்சு வாங்கும் என்று மாமி சொல்லிவிட்டார். தன்னுடைய தங்கை மகளுக்கு இவரை எடுக்கலாம் என்ற எண்ணம். அதுவும் நடக்கவில்லை.

இவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ள இப்ப எங்க மாமி இரிக்கா?"

"ஏறாவூர்ல மகன். பேரப்புள்ளையளும் இரிக்கி."

"நல்லா இரிக்காவா?"

"ஓம் மகன். நல்லா இரிக்கா."

"அப்ப பொருந்திட்டன்."

அன்றைக்குப் பற்றீஸ் பாதியில் கிடந்தது. திரும்பி வரும் வழியில், மகியங்கனை கழிந்த பிறகு, திடீரென்று என் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்தால் இழுப்பு வருத்தக்காரன் மாதிரியா இருக்கிறது காக்கா என்று கேட்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்பதும் நானே படித்த பாடம்.

நான் உம்ராவுக்குப் போனபோதும் அவர் வந்தார். மேசையில் இருந்து எதுக்கு என்று கேட்டார். "உனக்கு நான் ஒரு குறையும் செய்யல்ல. ஆறுறதுக்கு முன்ன கோப்பியக் குடி" என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். சிரித்தார். சுடச்சுடக் குடித்தார். அந்த மேசையில் அவர் சூட்டோடு கோப்பி குடித்தது என்னிடம் மட்டும்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமையான விசயம் என்பதால் சொல்கிறேன். குடித்து முடித்துவிட்டு, இனி நான் கேட்கிறேன், நீங்கள் பொருந்துங்கள் என்றார். எதற்கு என்றேன். கேட்காமல் விட்டால் கோபிப்பாரே.

"சில ஆக்கள்ட பொருத்தத்த வீட்டிலயே குடுத்திரிக்கலாம் காக்கா. ஒங்கட வேன்ல முன்சீட்டில இரிந்து வர ஆச. அதுக்காகவும் இழுத்தடிச்சிரிக்கன்."

பொருந்தினேன்.

இனிப் போடியாரின் கதை. வயல் நிலம் நிறைய உள்ளவரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். இவர் வயலும் அரிசி ஆலையும் உள்ள போடியார். ஒவ்வொரு வருடமும் உம்ராவுக்குப் போவார். பொருத்தம் கேட்கக் காரைவிட்டு இறங்கமாட்டார். கோர்ன் அடிப்பார், கண்ணாடியை இறக்குவார், வசனத்தைச் சொல்வார், ஏற்றுவார். தேங்காய்க்காரர் வாசலிலும் அப்படித்தான் வருடா வருடம் நின்றார். எதுக்கு என்ற சத்தம் கேட்டதும் கண்ணாடி ஏறிவிடும்.

எதற்கு என்பது வயல் வட்டை முழுக்கத் தெரிந்த விசயம். இந்த ஒரு குறையை மட்டும் தேங்காய்க்காரரும் அறிவார். போடியாரின் வயலும் இவருடைய துண்டும் பக்கத்துப் பக்கம். நடுவில் வரம்பு, வரம்பில் ஒரு மருத மரம். ஒவ்வொரு போகமும் வரம்பு கட்டும்போது போடியாரின் பக்கத்தைச் செதுக்கி, இவருடைய பக்கத்தில் மண்ணை அணைப்பார்கள். ஒரு போகத்துக்குக் கண்ணுக்குத் தெரியாது. வருடங்கள் போக, மருத மரம் வரம்பில் இருந்து இறங்கிப் போடியாரின் வயலுக்குள் தனியே நின்றது. மரம் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும். வரம்பு நடந்தது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லாருடைய நெல்லும் அந்த ஆலைக்குத்தானே போக வேண்டும்.

ஒரு வருடம் போடியாருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. கொழும்பில் வெட்டித் தைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மனிதர் பாதியானார். உம்ராவுக்கு நாள் குறித்ததும் என்னைக் கூப்பிட்டு, சாரதியை விடாமல் நீங்களே வேன் ஓட்ட வேண்டும், அந்தத் தேங்காய்க்காரரையும் ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார். பெரிய ஆட்கள் என் கையைத்தான் நம்புவார்கள். அவர் கெஞ்சிக் கேட்டதை நான் கண்டது அன்றுதான். இந்த முறை அந்த மனிதனின் பொருத்தம் இல்லாமல் கஃபாவைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார்.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். போடியாரும் மனைவியும் பயணம். இரண்டு ஆண் மக்களும் மருமக்களும் வழியனுப்ப. தேங்காய்க்காரர் என் பக்கத்து முன்சீட்டில். அன்றைக்கு அவர் நித்திரை கொள்ளவில்லை. அதைக் கண்டதும் எனக்குப் பயம் பிடித்தது.

விமான நிலையத்தில் போடியார் உடுப்பு மாற்றி, இஹ்ராமின் இரண்டு வெள்ளைத் துணிகளோடு வந்து மேசையில் இருந்தார். மூத்த மகன் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து பரப்பினான். பற்றீஸ் மலையாகக் கிடந்தது. கேக்கும் இருந்தது. குவளைகளில் எல்லாருடைய பெயரும். வாப்பாவின் குவளையில் போடியார் ஹாஜியார் என்று எழுதுவித்திருந்தான், இடம் போதாமல் எழுத்து மூடி வரை ஏறியிருந்தது. பெயரில்லாத குவளை ஒன்று தேங்காய்க்காரருக்கு முன்னால். அவர் தொடவில்லை. பற்றீஸின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தார்.

போடியார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஒங்களுக்கு..."

"தெரியாமச் செஞ்ச எல்லாத்தையும் இப்பவே பொருந்திட்டன் போடியார். தெரிஞ்சதச் சொல்லுங்க."

ஒருவரும் மெல்லவில்லை. போடியார் மகன்மாரைப் பார்த்தார். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த வயலைத்தான் அவர் நீதியின் மேல் கட்டிய சொத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். பள்ளிவாசலுக்கு ஒரு துண்டுக் காணி எழுதிக் கொடுக்கிறேன் என்றார். நல்லது, அது பள்ளிவாசலுக்கு என்றார் இவர். உன் மகளின் கலியாணத்தை நான் செய்து தருகிறேன் என்றார். மகளுக்கு முடிந்துவிட்டது, பேரனும் இருக்கிறான் என்றார் இவர். மூத்த மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

"வாப்பா, ஒரு தேங்காய்க்காரனுக்கு முன்னால இரிந்து கெஞ்சிறதா? எழும்புங்க. இவர் பொருந்தாட்டி சொர்க்கத்துக்குக் கேற்றப் பூட்டிருவாங்களா?"

உம்ராக் குழுவின் மௌலவி வந்தார். உள்ளே போகும் நேரம் முடியப்போகிறது, ஒரு சொல்தானே, சொல்லிவிடுங்களேன் என்று இவரிடம் கேட்டார்.

"சொல்லுறதுக்கு எனக்கு ஒண்டும் போகாது மௌலவி. ஆனா அது பொய்யாப் போயிரும். பொய்யக் கொண்டுகிட்டா அங்க போறது?"

போடியார் எழும்பினார். மனைவியோடு வாசலுக்குள் போனார். நடையைப் பார்த்தால், முதுகில் மூட்டை ஏற்றி அனுப்பியதுபோல இருந்தது. மருமக்கள் அழுதார்கள். இளைய மகன் என்னை முறைத்தான், நான்தானே ஏற்றிக்கொண்டு வந்தவன். எனக்கும் கோபம். நெஞ்சில் தையல் போட்ட மனிதனுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று ஏசினேன். அவர் கையை மேசைக்கு மேலே எடுத்தார். பெயரில்லாத குவளையைப் பிடித்தார், தூக்கவில்லை.

"வாய் வரைக்கும் வந்திச்சி காக்கா. நான் இப்ப சொல்லிட்டா அந்த மனிசன் இனி ஒருநாளும் சொல்லமாட்டார். அங்க போய்க் கஃபாவச் சுத்துறன் எண்டு அந்த வரம்பத்தான் சுத்திக்கிட்டு இரிப்பார்."

அந்தக் கடைக்கு எதிரே ஒரு கண்ணாடிச் சுவர். சோதனை முடிந்து போகிறவர்கள் அதற்கு அப்பால் நடந்து போவது தெரியும், சத்தம் கேட்காது. உறவுக்காரர் கடைசியாகக் கைகாட்டும் இடம் அது. போடியார் அங்கே வந்தார். மக்கள் கைகாட்டினார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. தேங்காய்க்காரரைப் பார்த்து நின்றார். பின்னால் ஆட்கள் பெட்டிகளோடு விலகிப் போனார்கள்.

போடியார் வலது கையைத் தூக்கி, பெருவிரலையும் சின்ன விரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

இவர் தலையை அசைத்தார், இல்லை என்று.

போடியார் இடது கையை மடக்கி, முழங்கையில் இருந்து விரல் நுனி வரை தடவிக் காட்டினார். ஒரு முழம்.

இவர் மறுபடி தலையை அசைத்தார். வாப்பா எதைக் காட்டுகிறார் என்று இளைய மகன் கேட்டான். மூத்தவன் தரையைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

போடியார் மனைவியைப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் அகல விரித்தார். எங்கள் கடற்காரர் பாகம் என்று சொல்லும் அளவு அது, விரித்த கையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை. விரித்ததும் மேல்துணி தோளில் இருந்து நழுவி விழுந்தது. நெஞ்சின் நடுவே தையல் தழும்பு, அதற்குக் கீழே பெரிய வயிறு. மனைவி துணியை எடுத்துப் போர்த்தப் பார்த்தார். காவலுக்கு நின்ற பெண் பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தது. மனிதர் கையை இறக்கவில்லை. ஊருக்கு முன்னால் கார்க் கண்ணாடியை இறக்கப் பஞ்சிப்பட்டவர், உலகத்துச் சனம் போகிற பாதையில் வெறும் மேலோடு கையை விரித்து நின்றார். பிறகு கையைச் சேர்த்து, இன்னொரு முறை விரித்தார். இரண்டு பாகம்.

தேங்காய்க்காரர் எழும்பினார். பெயரில்லாத குவளையைத் தூக்கி, ஆறி ஆடை படிந்த கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். வெறுங்குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போடியார் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தார். மூச்சுப் பட்டு அந்த இடம் புகைந்தது. அவர்கள் போன பிறகும் அது கொஞ்ச நேரம் இருந்தது.

திரும்பும்போது வேனில் இவர், மிச்சமான பற்றீஸையெல்லாம் ஒரு கடதாசியில் சுற்றி எடுத்து வந்து, கண்டி தாண்டும் வரைக்கும் தின்றார். மூத்த மகனுக்கும் ஒன்றை நீட்டினார். அவன் வாங்கித் தின்றான்.

போடியார் மக்காவில் இருக்கும்போதே, வரம்பைப் பழைய இடத்தில் போடச் சொல்லி மகன்மாருக்குப் போன் வந்ததாம். அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்த காலம். ஆட்கள் வரம்பை வெட்டி மருத மரத்தடிக்குக் கொண்டு போனார்கள். தேங்காய்க்காரர் பார்க்கப் போனார். சந்தோசமாக வருவார் என்று பார்த்தால் முகம் சரியில்லை.

"ஆர்வத்தில கொஞ்சம் கூட வெட்டிப்போட்டாங்க காக்கா. அவர்ட பக்கம் ஒரு முழம் குறையிது. இனி நானெல்லோ அவரிட்டப் பொருத்தம் கேக்கணும்."

அடுத்த நாள் மண்வெட்டியோடு போய், அந்த ஒரு முழத்தைத் தானே வெட்டித் திருப்பிப் போட்டார்.

அவரை என் செலவில் உம்ராவுக்கு அனுப்புகிறேன் என்று பல முறை சொன்னேன். சொன்னால் செய்கிறவன் நான் என்பது ஊருக்குத் தெரியும். அவர் மறுக்கவில்லை. பொருத்தம் கேட்டு முடித்துவிட்டு வருகிறேன் என்றார். கொஞ்ச நாள் கழித்து, எவ்வளவு தூரம் முடிந்தது என்று கேட்டேன்.

"பொஞ்சாதியிட்டத் தொடங்கினன் காக்கா. இன்னும் அங்கதான் நிக்கிறன்."

அங்கே நின்றபடியே ஒரு மாரி காலத்தில் போய்ச் சேர்ந்தார். மூச்சு வாங்கித்தான் போனார். மாமி சொன்ன பொய் கடைசியில் மெய்யாகிப் போனது.

அவருடைய உடலை ஜனாஸாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வந்தோம். தொழுவிக்க முதல் வழமைபோல இமாம் சபையைப் பார்த்துத் திரும்பி, இந்த மர்ஹூம் உங்களில் யாருக்கும் தெரிந்தோ தெரியாமலோ ஏதும் குறை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்றார். பொருந்திவிட்டோம் என்று சபை வழமைபோலச் சொல்லத் தொடங்கியது. அதிபரின் குரல் கேட்டது, மரைக்காரின் குரல் கேட்டது. என்னுடையதும் அதில் இருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு, பின்வரிசையில் கதிரையில் இருந்த போடியாரிடமிருந்து ஒரு சொல் மட்டும் வந்தது.

"எதுக்கு?"

இமாம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கிப்லாவின் பக்கம் திரும்பித் தொழுகைக்குத் தக்பீர் கட்டினார்.